பிரஸ் பாஸ் யார் கையில் இருக்கிறது?

குத்துச்சண்டை, எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலை, சிலம்பம் ஆகியவை பற்றிய செய்திகளில் எது செய்தி, எது விளம்பரம் என்று பிரித்தறிய முடியவில்லை என்றும், செய்தியாளர்கள் தமக்குப் பிடித்த வீரர்களை உயர்த்தி எழுதுவதுதான் இதற்குக் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிறு வயதில் சிலம்பம் கற்றவன் என்ற முறையிலும், சில ஆண்டுகள் விளையாட்டுச் செய்தி எழுதியவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிடித்தவர், பிடிக்காதவர் என்ற சார்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எழுத்தின் மேற்பரப்பிலேயே தெரிந்துவிடும்; நான்கு கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தால் இவர் யாருடைய ரசிகர் என்று எந்த வாசகரும் சொல்லிவிடுவார். கண்டுபிடிக்கக் கடினமான சார்பு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. செய்தியாளரை அரங்கத்துக்குள் விடுவதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரைப் பற்றிய செய்தியில்தான் அந்தச் சார்பு படிகிறது. அது பெரும்பாலும் பொய்யாக வெளிப்படுவதில்லை. எழுதப்படாத செய்தியாக, கேட்கப்படாத கேள்வியாக, அப்படியே விட்டுப் போய்விடுகிறது.

மற்ற விளையாட்டுகளிலும் இந்த நெருக்கடி உண்டு; எனினும் சண்டைக் கலைகளில் அது பல மடங்கு கூடுதல். டென்னிஸில் ஒருவருடைய தரவரிசை அவர் வென்ற ஆட்டங்களுக்கான புள்ளிகளால் அமைகிறது. தாளும் பேனாவும் இருந்தால் யாரும் அதைக் கூட்டிப் பார்த்துவிடலாம். எம்எம்ஏ உலகின் மிகப் பெரிய நிறுவனமான யுஎஃப்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வீரரோடு ஒப்பந்தம் போடுவது, யாரோடு யார் மோதுவது என்று முடிவு செய்வது, சாம்பியன் பட்டத்தைச் சொந்தமாக வைத்திருப்பது, ஒளிபரப்பைத் தயாரிப்பது, வர்ணனையாளரை அமர்த்துவது, செய்தியாளருக்குப் பாஸ் கொடுப்பது ஆகிய அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அமெரிக்காவில் குத்துச்சண்டைக்கென்று 2000-ஆம் ஆண்டில் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் வந்தது; போட்டியை நடத்தும் புரமோட்டரும் வீரரின் மேலாளரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது போன்ற சில கட்டுப்பாடுகளை அது விதித்தது. எம்எம்ஏ அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. 2013 பிப்ரவரியில் யுஎஃப்சி, ஊடகத்தினர் வாக்களிக்கும் தரவரிசை முறையைத் தொடங்கியபோது முக்கியமான ஊடகங்கள் பல அதில் சேரவில்லை. தான் செய்தி எழுதும் நிறுவனத்துக்கு வீரர்களின் சம்பளத்தையும் வாய்ப்பையும் பாதிக்கும் ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பது செய்தியாளரின் வேலையாகாது என்பது அவர்களின் நிலைப்பாடு. அது சரியான நிலைப்பாடு என்றே நான் கருதுகிறேன்.

இந்த அதிகாரம் எப்படிச் செயல்படும் என்பதை 2016 ஜூன் 4 அன்று கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட் நகரில், ஃபோரம் அரங்கில் எல்லோரும் பார்த்தார்கள். அந்நிறுவனத்தின் யுஎஃப்சி 199 என்ற போட்டி நடந்துகொண்டிருந்தது. எம்எம்ஏ செய்தியாளர்களில் அப்போதே மிக அறியப்பட்டவராக இருந்த ஏரியல் ஹெல்வானி, அடுத்த மாதம் நடக்கவிருந்த யுஎஃப்சி 200-இல் முன்னாள் சாம்பியன் ப்ராக் லெஸ்னர் மீண்டும் களமிறங்கப் போகிறார் என்ற செய்தியை நிறுவனம் அறிவிக்கும் முன்னரே வெளியிட்டார். செய்தி உண்மையானது, அன்றிரவு ஒளிபரப்பிலேயே நிறுவனம் அதைத் தானே அறிவித்தது. ஆயினும் முதன்மைச் சண்டை தொடங்குவதற்கு முன்பே ஹெல்வானியின் பாஸ் பறிக்கப்பட்டு, அவர் அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டார். இனி வாழ்நாள் முழுவதும் யுஎஃப்சி போட்டிகளுக்கு வரக் கூடாது என்றும் அவரிடம் சொல்லப்பட்டது. குறுகிய அவகாசத்தில் மாற்று வீரராக வந்த மைக்கேல் பிஸ்பிங், முதல் சுற்றிலேயே லூக் ராக்ஹோல்டை வீழ்த்திச் சாம்பியனான இரவு அது. அதை எழுதவேண்டிய இருக்கை காலியாக இருந்தது.

இந்நிகழ்ச்சியில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு விவரம் உண்டு; என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியமானது. ஹெல்வானியோடு அவருடைய சகாக்களான புகைப்படக் கலைஞர் எஸ்தர் லின், வீடியோ பதிவாளர் கேசி லேடன் ஆகிய இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் அந்தச் செய்தியில் ஒரு வரிகூட எழுதியவர்கள் அல்லர். ஒருவர் எழுதியதற்கு அவருடன் வந்தவர்களின் பிழைப்பும் பறிபோகும் என்றால், அடுத்த முறை பேனாவை எடுக்கும்போது அந்தச் செய்தியாளர் தன்னைப் பற்றி மட்டும் யோசிக்க மாட்டார். கூட வருகிறவரின் முகமும் நினைவுக்கு வரும். கண்டனம் பரவலாக எழுந்ததால் இரண்டே நாளில் தடை விலக்கப்பட்டது. அப்போதும் வெளியான அறிக்கை, அவர் கையாளும் முறைகள் செய்தித் தொழிலின் நோக்கத்தைத் தாண்டியவை என்ற குற்றச்சாட்டைக் கைவிடவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், யுஎஃப்சியின் ஒளிபரப்புக் கூட்டாளியாக இருந்த ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அவர் செய்துவந்த வேலையும் போயிருந்தது.

இது முதல்முறையும் அல்ல. ஷெர்டாக் என்ற எம்எம்ஏ செய்தித் தளத்தின் பாஸ்கள் 2005-இலேயே பறிக்கப்பட்டன. 2009-இல் அதே தளத்தின் லொரெட்டா ஹன்ட், வீரர்களின் மேலாளர்களுக்கு மேடைப் பின்புற அனுமதி குறைக்கப்படுவது பற்றி எழுதியபோது, யுஎஃப்சியின் தலைவர் டேனா வைட் அவரை வசைபாடி ஒரு வீடியோவே வெளியிட்டார். பிறகு, அதில் தன்பாலின ஈர்ப்புடையோரை இழிவுபடுத்தும் விதத்தில் பேசிய சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார். ஒரு தொழிலில் புதிதாக நுழையும் இளம் செய்தியாளர், மூத்தவர்களுக்கு நேர்ந்த இத்தகைய கதைகளைக் கேட்டுத்தான் எல்லை எதுவென்று கற்றுக்கொள்கிறார். யாரும் எதையும் தடைசெய்ய வேண்டியதில்லை.

அந்தப் பாடத்தின் விளைவை 2023 ஜனவரியில் பார்க்கலாம். புத்தாண்டு இரவில் மெக்சிகோவில் ஓர் இரவு விடுதியில் டேனா வைட் தன் மனைவியை அறைவதைக் காட்டும் வீடியோவை டிஎம்இசட் என்ற பிரபலங்கள் பற்றிய செய்தி நிறுவனம் வெளியிட்டது. எம்எம்ஏ உலகில் அன்றாடம் உலவுகிற எந்தச் செய்தி நிறுவனமும் அதை முதலில் வெளியிடவில்லை. தம் செயலுக்குச் சாக்கு எதுவும் இல்லை என்று வைட் ஒப்புக்கொண்டார். ஆனால் பதவியில் எந்த மாற்றமும் நிகழவில்லை. 2019 முதல் யுஎஃப்சியின் ஒளிபரப்பாளராக இருந்த ஈஎஸ்பிஎன், வேறொரு விளையாட்டு லீக்கின் தலைவர் இப்படிச் செய்திருந்தால் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்குமோ அதில் சிறு பங்கைக்கூட ஒதுக்கவில்லை என்ற விமர்சனம் அப்போது எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானது. ஐந்தாண்டுகளுக்கு 150 கோடி டாலர் கொடுத்து உரிமை வாங்கிய நிறுவனத்தின் செய்திப் பிரிவு, தான் வாங்கிய சரக்கை உற்பத்தி செய்பவரை விசாரிக்கவேண்டிய இடத்தில் நின்றது. அங்கே பணியாற்றும் தனிப்பட்ட செய்தியாளர்கள் நேர்மையானவர்களாகவே இருந்தாலும் அந்த இடத்தில் நின்று நிமிர்ந்து கேள்வி கேட்பது எளிதன்று. 2026 முதல் உரிமை பாராமவுண்ட் நிறுவனத்துக்கு மாறியிருக்கிறது. தொகை கூடியிருக்கிறதே தவிர இந்த நிலை மாறவில்லை.

வீரர்களின் சம்பளம் பற்றிய செய்தி இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் பெரிய அணி விளையாட்டுகளில் லீக்கின் வருவாயில் ஏறத்தாழ பாதி வீரர்களுக்குப் போகிறது. யுஎஃப்சியில் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்று என்ற அளவிலோ அதற்கும் கீழோதான் இருந்தது என்பது, 2014 டிசம்பரில் சில வீரர்கள் தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கின் ஆவணங்கள் வெளிவந்த பிறகே எல்லோருக்கும் தெரிந்தது. அதுவரை பல ஆண்டுகள், ஒவ்வொரு வாரமும், செய்தியாளர்கள் வீரர்களை நேர்கண்டுகொண்டேதான் இருந்தார்கள். எடை குறைத்தது எப்படி, எதிராளியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். வழக்கின் நூற்றுக்கணக்கான பக்கங்களை உட்கார்ந்து படித்து, கணக்குப் போட்டு, எளிய மொழியில் எழுதியவர்கள் மிகச் சிலர். நீதிமன்ற ஆவணத்தைப் படிக்க எந்தப் புரமோட்டரின் அனுமதியும் வேண்டியதில்லை என்பது அவர்களுக்கு உதவியது. 33.5 கோடி டாலர் சமரசத்தை 2024 ஜூலையில் நீதிபதி நிராகரித்தார். பிறகு ஒத்துக்கொள்ளப்பட்ட 37.5 கோடி டாலர் சமரசத்துக்கு 2025 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. ஒரு விளையாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தொழிலாளர் செய்தி அது. இருந்தும், ஒரு வீரர் இன்னொருவரைப் பத்திரிகையாளர் சந்திப்பில் திட்டிய செய்திக்குக் கிடைத்த இடத்தோடு ஒப்பிட்டால் அது ஓரமாகத்தான் கிடந்தது.

இதெல்லாம் எம்எம்ஏயோடு பிறந்த நோய் என்று நினைத்துவிட வேண்டாம். குத்துச்சண்டையின் வேதம் என்றே அழைக்கப்பட்ட 'தி ரிங்' பத்திரிகையின் கதை இதைவிட நீண்டது. நாட் ஃப்ளைஷர் 1922-இல் தொடங்கிய அந்த இதழின் தரவரிசையும் வீரர்களின் சாதனைப் பதிவுகளும் உலகெங்கும் மறுபேச்சின்றி ஏற்கப்பட்டன. 1977-இல் புரமோட்டர் டான் கிங்கும் ஏபிசி தொலைக்காட்சியும் சேர்ந்து அமெரிக்கக் குத்துச்சண்டைச் சாம்பியன்ஷிப் என்ற பெயரில் ஒரு தொடரை நடத்தினார்கள். யார் கலந்துகொள்ளத் தகுதியானவர் என்பதற்கு 'தி ரிங்' தரவரிசையே ஆதாரம். அந்தத் தரவரிசைதான் கெட்டிருந்தது. நடக்காத சண்டைகளில் பெற்ற வெற்றிகள் சில வீரர்களின் கணக்கில் ஏற்றப்பட்டிருந்தன; ஏற்றப்பட்டவர்கள் உயர்ந்த இடத்துக்கு வந்திருந்தார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் எந்தப் பெரிய நாளிதழையும் சேர்ந்தவர் அல்லர். மால்கம் 'ஃப்ளாஷ்' கார்டன் என்ற நியூயார்க் இளைஞர், தாமே எழுதி, நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்று சொல்வோமே அந்த வகையில் பிரதி எடுத்து, மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கின் வாசலில் நின்று விற்றுக்கொண்டிருந்தவர். சண்டைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஏபிசிக்குள்ளேயே அலெக்ஸ் வாலா என்ற இளம் ஊழியரும் இந்த வீரர்களின் தரம் பற்றி மேலிடத்தை எச்சரித்தார், தொடர் நிற்கவில்லை. பிறகு பிப்ரவரியில் அன்னாபொலிஸில் ஜானி பூட்ரோவிடம் புள்ளிக் கணக்கில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஸ்காட் லிடூ, ஆத்திரத்தில் காலை வீச, அந்தக் குழப்பத்தில் வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெலின் டோப்பா கழன்று விழுந்தது. எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது என்று லிடூ நேரலையிலேயே குற்றம்சாட்டினார். ஏப்ரலில் ஏபிசி தொடரை நிறுத்தியது. கோசெலின் டோப்பாவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மோசடியைத் தாளில் எழுதிக் காட்டியவர் அரங்கத்தின் உள்ளே இல்லை, வாசலில் நின்றார் என்பதை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

அதே 'தி ரிங்' இதழை 2007-இல் ஆஸ்கர் டி லா ஹோயாவின் கோல்டன் பாய் புரமோஷன்ஸ் வாங்கியது. அதாவது சண்டை நடத்துகிற நிறுவனமே, சண்டைக்காரர்களை வரிசைப்படுத்தும் இதழின் உரிமையாளர் ஆனது. 2024 நவம்பரில் அது, பெரும் பணத்தைக் குத்துச்சண்டையில் இறக்கிவரும் சவூதி அரேபிய அதிகாரி துர்கி அல்அஷ்ஷேக்கின் கைக்குப் போனது. 2025 மே மாதம் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 'தி ரிங்' என்ற பெயரிலேயே சண்டைகள் நடந்தன. அவ்விதழில் இன்றும் தரமான எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் சவூதி பணத்தால் நடக்கும் ஒரு சண்டை மட்டமாக இருந்தது என்றோ, அங்கே அந்தப் பணம் எதற்காகச் செலவிடப்படுகிறது என்றோ அவ்விதழ் எழுதினால்தான், எழுதும் சுதந்திரம் இருக்கிறதா என்பது வாசகருக்குத் தெரியவரும்.

இனி, பாஸ் சம்பந்தப்படாத இன்னொரு சார்பையும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்ட் 15 அன்று சான் ஹோசேயில் ஜீனா கரானோவும் கிறிஸ் சைபோர்கும் மோதினார்கள். பெரிய எம்எம்ஏ நிகழ்ச்சி ஒன்றில் பெண்களின் சண்டை முதன்மைச் சண்டையாக இடம்பெற்றது அதுவே முதல்முறை. முன்னோட்டச் செய்திகளில் பெரும்பகுதி கரானோவின் அழகைப் பற்றியதாக இருந்தது. முதல் சுற்று முடிய ஒரே ஒரு வினாடி இருக்கும்போது, 4:59-இல், வென்றவர் சைபோர்க். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அவருடைய தாக்குதல் முறையைவிட உடல்வாகு பற்றிய பேச்சே மிகுதி. டேனா வைட்டே அவருடைய தோற்றத்தை ஓர் ஆண் வீரரோடு ஒப்பிட்டு ஏளனம் செய்தார். அதை வேடிக்கைச் செய்தியாகப் பல இடங்கள் பரப்பின. சைபோர்க் 2011-இல் ஊக்கமருந்துச் சோதனையில் தோற்றதை எழுதுவது செய்தியாளரின் கடமை. அதைச் சாக்காக வைத்து ஒரு பெண்ணின் முகத்தையும் தோளையும் கேலிக்குள்ளாக்குவது செய்தி ஆகாது. பெண்கள் யுஎஃப்சியில் சண்டையிடவே மாட்டார்கள் என்று 2011-இல் வைட் சொன்னபோது அதை எதிர்த்துக் கேட்டவர்கள் குறைவு. 2013 பிப்ரவரியில் ரோண்டா ரௌசியும் லிஸ் கார்மூஷும் அங்கே சண்டையிட்டபோது, அந்த நிறுவனமே பெண்களுக்கு வழி திறந்ததாக எழுதியவர்கள் நிறையப் பேர்.

வர்ணனை பற்றியும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் என் அக்கா மகனோடு ஐந்து சுற்றுச் சண்டை ஒன்றைப் பார்த்தேன். அவன் காதில் இயர்ஃபோன் மாட்டி வர்ணனையோடு பார்த்தான். நான் சத்தமே இல்லாமல் பார்த்தேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், அடுத்தது தொடங்கும் முன், ஆளுக்கொரு கல்யாணப் பத்திரிகை உறையின் பின்புறம் சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 என்ற முறையில் 10-9 என்று நாங்கள் எழுதி வைத்தோம். முடிவில் அவன் கணக்கில் சிவப்பு மூலைக்காரர் நான்கு சுற்றுகளை வென்றிருந்தார். என் கணக்கில் நீல மூலைக்காரர் மூன்று சுற்றுகளை வென்றிருந்தார். இரண்டாம் சுற்றை அவனோடு மறுபடி போட்டுப் பார்த்தோம். சிவப்பு முன்னேறிக்கொண்டே இருக்கிறார், அழுத்தம் கொடுக்கிறார் என்று வர்ணனையாளர் சொல்லிக்கொண்டே இருந்தார்; உண்மையில் அவர் வீசிய குத்துகளில் பெரும்பாலானவை எதிராளியின் முன்கையில்தான் விழுந்தன. பின்வாங்கியபடி நீல மூலைக்காரர் காலில் கொடுத்த உதைகள் எதுவும் வர்ணனையில் வரவே இல்லை. வர்ணனையாளர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சண்டைக்கு முன்பே யாருடைய கதையைச் சொல்லவேண்டும் என்ற ஆயத்தத்தோடு வந்தவரின் கண், அந்தக் கதைக்குள் அடங்குவதை மட்டும்தான் பொறுக்குகிறது. நடுவர்கள் தவறிழைத்துவிட்டார்கள் என்று மறுநாள் எழும் கூச்சலில் பாதி இந்தக் காதிலிருந்து வருவது.

பாரம்பரியக் கலைகளைப் பொறுத்தவரை சார்பு வேறு வேடம் போடுகிறது. 1954 ஜனவரி 17 அன்று மக்காவ் நகரில், சீனத் தற்காப்புக் கலையான தைச்சியின் ஆசான் வூ கோங்யியும் வெள்ளைக் கொக்கு முறையைச் சேர்ந்த சான் ஹக்ஃபூவும் மோதினார்கள். இரண்டு சுற்றுகளில் நிறுத்தப்பட்டு, வெற்றி தோல்வி இல்லை என்று முடிந்த சண்டை அது. ஆனால் ஹாங்காங் நாளிதழ்கள் அதைக் கொண்டு பரபரப்பாக விற்றன. 'நியூ ஈவ்னிங் போஸ்ட்' நாளிதழ் மூன்றே நாளில் வாள்வீரர் தொடர்கதை ஒன்றைத் தொடங்கிவிட்டது. சண்டைச் செய்தியும் சாகசக் கதையும் ஒரே காகிதத்தில் அருகருகே வாழத் தொடங்கிய அந்தக் காலத்திலிருந்தே, மூத்த ஆசான் என்றால் மாயசக்தி உள்ளவர் என்று எழுதும் பழக்கமும் வலுப்பெற்றது.

அதன் விளைவு 2017-இல் தெரிந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று செங்டூவில், எம்எம்ஏ பயிற்சியாளர் சூ சியாவ்டொங், வெய் லெய் என்ற தைச்சி ஆசானை 20 வினாடிக்குள் வீழ்த்தினார். அதே வெய் லெய்யைத்தான் சீன அரசுத் தொலைக்காட்சி, உள்ளங்கையில் நிற்கும் புறாவைப் பறக்கவிடாமல் தடுக்கும் வல்லமை கொண்டவராகச் சில ஆண்டுகளுக்கு முன் காட்டியிருந்தது. காட்டியவர்கள் விளக்கம் சொல்லவேண்டிய நிலைக்கு வரவில்லை. சீனச் சமூக வலைதளமான வெய்போவில் சூ சியாவ்டொங்கின் கணக்குதான் காணாமல் போனது. சீனத் தற்காப்புக் கலைகளுக்கான வூஷூ சங்கம் கண்டித்தது. 2019-இல் வேறோர் ஆசானை அவமதித்த வழக்கில் பகிரங்க மன்னிப்புக் கேட்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னொரு பக்கம், அந்தக் குறுவீடியோவை உலகெங்கும் பகிர்ந்தவர்கள் தைச்சி முழுவதும் மோசடி என்று தீர்ப்பெழுதினார்கள். காலையில் பூங்காவில் முழங்கால் வலிக்காகத் தைச்சி செய்யும் மூதாட்டியும், தள்ளுகைப் பயிற்சியில் உண்மையாகவே உழைக்கும் மாணவரும் வெய் லெய்யின் 20 வினாடிக்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. முதலில் எழுதியதும் அநியாயம், பிறகு எழுதியதும் அநியாயம்.

நம்மிடமும் இதே பழக்கம் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதிய அனைத்துக்கும் அர்த்தம் இல்லை. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனா சென்று ஷாவ்லின் குங்ஃபூவைக் கற்பித்தார் என்பதை நம் இதழ்களும் தொலைக்காட்சிகளும் நிறுவப்பட்ட வரலாறாகவே எழுதுகின்றன. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், கி.பி. 547-ஐ ஒட்டியது, அவரைப் பாரசீகப் பகுதியைச் சேர்ந்தவர் என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி என்பதும் பல்லவர் என்பதும் அவற்றில் இல்லை. சண்டைக் கலையோடு அவரை இணைப்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் தசைநார்ப் பயிற்சி நூல் 1624-இல் எழுதப்பட்டது. அதன் முன்னுரைகள் போலியானவை என்பதைச் சீன ஆய்வாளர்களே காட்டிவிட்டார்கள். தென்னிந்தியத் தொடர்பு இருந்திருக்கக் கூடும் என்று எழுதினால் அது நியாயமான செய்தி. உலகின் எல்லாச் சண்டைக் கலைகளுக்கும் தாய் நம்முடையதே என்று எழுதுவது, சீனத் தொலைக்காட்சி காட்டிய புறாவைப் போன்றதுதான். இதில் எனக்குள்ள வருத்தம் என்னவென்றால், ஆதாரமில்லாத பெருமைக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கும் ஊடகம், கண்முன்னே கம்பு சுற்றும் பிள்ளைகளுக்கு இடம் கொடுப்பதில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. எத்தனை பிள்ளைகளின் பெயர்கள் உங்களுக்கு நினைவிருக்கின்றன?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டப் போட்டிக்கு நாளிதழ் ஒன்றின் சார்பில் போனேன். உள்ளே நுழையும்போதே கையில் ஒரு பிரஸ் நோட் கொடுத்தார்கள். முந்தைய இரவே தட்டச்சு செய்தது. சிறப்பு விருந்தினரின் பெயர் பட்டங்களோடு மூன்று வரிகளுக்கு இருந்தது. வென்றவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே வெற்றிடம். அன்று தொடுமுறைப் போட்டியின் இறுதியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னைவிட ஒரு தலை உயரமான எதிராளியின் வீச்சுக்கு உட்புகுந்து, கால்வரிசையை ஒரு கணத்தில் மாற்றி, தோளில் தொட்டு வென்றாள். நான் நடுவரிடம் கெஞ்சி மதிப்பெண் தாளை வாங்கி, வென்றவர், தோற்றவர் பெயர்களை எல்லாம் எழுதி அனுப்பினேன். மறுநாள் வந்தது சிறப்பு விருந்தினர் கம்பைத் தலைகீழாகப் பிடித்தபடி சிரிக்கும் படமும், பிரஸ் நோட்டின் மூன்று வரிகளும். இடமில்லை என்றார்கள். யாரும் மிரட்டவில்லை, யாரும் பணம் வாங்கவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கும் அந்த விருந்தினர் வேண்டும், அடுத்த விளம்பரமும் வேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

ஆகவே இப்போது ஒரு போட்டிச் செய்தியைப் படிக்கும்போது தோற்றவருக்குப் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். பிறகு, சுற்றுவாரியாக என்ன நடந்தது என்பதை எழுதியவர் தம் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாரா, இல்லை புரமோட்டரின் அறிக்கையில் இருந்த சொற்களே திரும்ப வந்திருக்கின்றனவா என்று ஒப்பிடுகிறேன். அறிக்கைகள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைப்பதால் இந்த ஒப்பீட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். நடுவர்களின் மதிப்பெண் தாள் வெளியாகியிருந்தால் அதை எடுத்து என் தாளோடு வைத்துப் பார்க்கிறேன். ஒரு செய்தியாளரைத் தொடர்ந்து படிப்பதா என்று முடிவு செய்யவேண்டி வந்தால், அவருக்குப் பாஸ் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பிடிக்காத ஒரு செய்தியைக் கடந்த ஓராண்டில் அவர் எழுதியிருக்கிறாரா என்று பின்னோக்கித் தேடுகிறேன். சிலர் எழுதியிருக்கிறார்கள், நீங்களும் அப்படித் தேடிக் கண்டுபிடித்தவர்களையே முதலில் படியுங்கள்.